கிட்டங்கிச் சுவரில் ஒட்டிய நிழல்கள்

நொச்சிக்குளத்து மாட்டுத் தாவணியில் எந்த விளக்குக்கு வெளிச்சம் அதிகம் என்பதை வெளிச்சத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை, அது போடும் நிழலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பின்னால் நடந்தது அத்தனையும் அந்த வழக்கத்திலிருந்து முளைத்ததுதான். பங்குனியில் குளம் வற்றி மண் வெடிப்பு விட்டதும் நாலு திசையிலிருந்தும் வியாபாரிகள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து குளத்துக்குள்ளேயே கூடாரம் அடிப்பார்கள். கரையில் இருக்கிற ஒரே கிணற்றில் யாருடைய மாட்டுக்கு முதல் தண்ணீர் என்பதில் ஒரு காலத்தில் மண்டைகள் உடைந்ததால், இனி மண்டைக்குப் பதிலாக விளக்குகள் மோதட்டும் என்று ஊர் கூடி ஏற்பாடு செய்தது. பருத்தி மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியின் நீளமான வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு உலக்கையை நட்டு, அதற்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் கிடக்கிற கற்களின் மேல் இரண்டு கூடாரத்து விளக்குகளையும் ஏற்றிவைத்தால், சுவரில் உலக்கைக்கு இரண்டு நிழல் விழும். எந்த விளக்கு போட்ட நிழல் அதிகக் கறுப்போ அந்த விளக்குதான் ஜெயித்தது. கண்ணைக் கூசவைக்கிற இரண்டு வெளிச்சங்களில் எது பெரியது என்று யாருக்கும் தெரியாது, இரண்டு கறுப்பில் எது கறுப்பு என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அரிக்கேன் விளக்கோடு வந்தவர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள், எலி பிடிக்கிறவர்களின் கார்பைடு விளக்கு வீறாப்பாக எரிந்து நாற்றத்தைக் கிளப்பிவிட்டு அடங்கிப்போகும், கடைசியில் எதிரெதிரே நிற்பவை எப்போதும் இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள்தான். ஒன்று, கல்யாணத்துக்கும் சாவுக்கும் விளக்கு வாடகைக்கு விடுகிற எங்கள் ஊர் உத்தண்டனுடையது. மற்றது, காங்கேயம் பக்கத்திலிருந்து காளைகளோடு வருகிற செங்கோடனின் பித்தளை விளக்கு. செங்கோடன் வருடாவருடம் தோற்பார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருசம் பார்க்கலாமுங்க என்று சொல்லிவிட்டு இரண்டாவது தண்ணீருக்குக் காத்து நிற்பார். உத்தண்டன் சிரித்துக்கொண்டே அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பான், அந்த டீயைக் குடிப்பதுதான் தோற்றதைவிடக் கஷ்டம் என்று செங்கோடன் எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

உத்தண்டனைக் கெட்டவன் என்று சொன்னால் சொன்ன நாக்கு அழுகிப்போகும். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், பெண்டாட்டியை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அவனுக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி, தோற்கத் தெரியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்று கால்தான், குழம்பில் உப்பு குறைவு என்று பெண்டாட்டி சொன்னால் உப்பே போடாமல் ஒரு மாதம் சாப்பிட்டு ஜெயிப்பான். அவன் பெண்டாட்டி வெயிலுகந்தாளுக்குத் தையல் நன்றாக வரும். அவள் ஒரு தையல் மிஷின் வாங்கி வாசலில் போட்டு, உத்தண்டன் வீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்த காலம் போய், உகந்தா வீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு பெண்கள் வர ஆரம்பித்த வாரத்திலேயே, உன்னை ராணி மாதிரி வைத்திருக்கிறேன், உனக்கு எதற்கு இந்தக் கஷ்டம் என்று சொல்லி மிஷினை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான். அவன் குன்றின் மேல் வைத்த விளக்கு, அவள் குடத்துக்குள் வைத்த விளக்கு என்று ஊரில் சொல்வோம், சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். மிஷின் போன பிறகு அவள் விரல்களுக்கு மிச்சமிருந்த வேலை, அவன் விளக்குக்கு மேண்டில் கட்டுவது ஒன்றுதான். அந்த மெல்லிய வலைப் பையைச் சுருக்கங்கள் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழும்படி அவள் கட்டிக் கொடுத்தால் அது எரியும்போது முட்டை போல உருண்டு, ஒரு மூலை விடாமல் வெளுக்கும். உத்தண்டன் விளக்கின் வெளிச்சம் அதில்தான் இருந்தது, அதை உத்தண்டன் ஒரு நாளும் சொன்னதில்லை.

தூத்துக்குடியில் அவள் அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடையில் இருந்தாள். பள்ளிக்கூடம் திறக்குமுன் வந்துவிட்டால் ஒரு மிஷின் உனக்கு என்று அக்கா சொல்லி அனுப்பியதும் உகந்தா நாலு புடவையை ஒரு பையில் வைத்துக்கொண்டு, ஊரின் கண் முழுக்க விளக்குகளின் மேல் இருக்கிற அந்தி நேரமாகப் பார்த்து, தாவணியின் முதல் நாளன்று வீட்டை விட்டுக் கிளம்பினாள். பஸ் நிற்கும் ரோட்டுக்குக் கிட்டங்கியைத் தாண்டித்தான் போக வேண்டும். யார் கண்ணிலும் படாமல் சுவரை ஒட்டியே நடந்தாள், பாதிச் சுவர் கடந்தும்விட்டாள், அப்போது தான் காலையில் கட்டிக் கொடுத்த மேண்டில் எப்படி எரிகிறது என்று ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள். தைத்த எவளும் அப்படிப் பார்க்கத்தான் செய்வாள். அன்று அந்த விளக்கு அதற்கு முன் எரியாத விதமாக எரிந்தது, செங்கோடனின் விளக்கு போட்ட நிழல் சாம்பலாக வெளிற, உத்தண்டனின் விளக்கு போட்ட நிழல் மை போலக் கறுக்க, கூட்டம் கைதட்ட, உத்தண்டன் திருகைத் திருகி விளக்கை அணைத்தான். விளக்கு அணைந்தது, நிழல்கள் அணையவில்லை.

மண்ணெண்ணெய்ப் புகை படிந்துவிட்டது என்று முதலில் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம். பிறகு சுண்ணாம்பு அடித்துப் பார்த்தோம், சுண்ணாம்பு காய்ந்ததும் நிழல்கள் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொண்டன. விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் அந்த நேரத்தில் யார் யார் இருந்தார்களோ அவர்கள் எல்லோருடைய நிழலும் சுவரில் இருந்தது, நிழலுக்கு உரியவர்களால் அதை விட்டுப் போக முடியவில்லை. உத்தண்டனுக்கு டீ நீட்டப் போன டீக்கடை மாடக்கண்ணு, கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஏட்டு தங்கப்பழம், செங்கோடனின் மயிலைக்காளை, இன்னும் சில பேர், எல்லோருக்கும் நடக்க நடக்கக் கால் கனத்து, ஒரு இடத்துக்கு மேல் பூமி உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டது. யாருடைய நிழல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் அவர் போகலாம். விளக்குக்குப் பக்கத்தில் நின்ற மாடக்கண்ணுவின் நிழல் கூரை வரை இருந்ததால் அவர் டீக்கடை வரைக்கும் போய்வந்தார், ஏட்டு பருத்தி நிறுக்கிற எடைமேடை வரைக்கும் போனார். யார் கண்ணிலும் படக்கூடாது என்று சுவரை ஒட்டிப் போன உகந்தாவின் நிழல் அவள் அளவே இருந்தது. அவளுக்கு, படுத்துக் கையை நீட்டினால் எட்டுகிற தூரம்தான் கிடைத்தது.

எங்கள் ஊர் எதற்கும் ரொம்ப நாள் ஆச்சரியப்படாத ஊர். நாலாம் நாளே மாடக்கண்ணு சுவரை நோக்கி ஒரு பெஞ்சு போட்டுவிட்டார். ஏட்டு இருக்கிற இடம்தான் ஸ்டேஷன் என்று மேலிடம் சொல்லிவிட்டதால் வழக்கு உள்ளவர்கள் எடைமேடைக்கு வந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். தேர்தல் விளம்பரத்துக்காகச் சுவரை முன்பதிவு செய்திருந்த கட்சிக்காரர்கள், நிழல்களுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் தங்கள் சின்னத்தை வரைந்துகொண்டு சமாதானமானார்கள். பிள்ளைகள் ஏட்டின் நிழலுக்குக் கரியால் மீசை வரைந்தால் எடைமேடையில் அவர் மூக்குக்குக் கீழே அரித்தது. வெளியூர்க்காரர்கள் வந்து காளையின் நிழலுக்குக் கற்பூரம் காட்டினார்கள், காளை அவர்கள் கொண்டுவந்த வாழைப்பழத்தைத் தின்றது. உகந்தாவுக்குச் சுவரோரம் தகரம் சாய்த்து ஓலைத் தட்டி கட்டிக் கொடுத்தோம், அதில் எங்கள் பெண்கள் முறை வைத்துத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தார்கள். மாட்டி நிற்பவர்களை விட்டுவிட்டுத் தாவணி கலைவது முறையல்ல என்பதால் தாவணிக்கு ஏற்றிய கொடியை இறக்காமல் வைத்திருந்தோம், கொடி இறங்காத வரை தாவணியின் சட்டதிட்டங்களும் இறங்கவில்லை.

ஆனால் சுவரில் இருந்த உகந்தாவின் நிழலின் கையில் பை இருந்தது. முகம் திரும்பி விளக்கைப் பார்த்தாலும் கால் ரோட்டைப் பார்த்து இருந்தது. அந்தப் பக்கம் போகிற எவரும் அதை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போனார்கள், ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அக்காவுக்குப் பலகாரம் கொண்டுபோகப் புறப்பட்டாள் என்று உத்தண்டன் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒருநாள் விடிகாலையில் சுண்ணாம்பு மட்டையோடு வந்து, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தப் பையின் மேல் மட்டும் அடித்தான், வெயில் ஏறியதும் பை மறுபடி தெரிந்தது. எங்கே புறப்பட்டாய் என்று அவளிடம் அவன் ஒரு தடவையும் கேட்கவில்லை. வேளை தவறாமல் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தான், அவள் சாப்பிடும்வரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு புது மேண்டிலை எடுத்து அவள் மடியில் வைப்பான். அவள் கட்டிக் கொடுப்பாள்.

ஏனென்றால் விளக்குப் பார்ப்பது என்று நாங்கள் சொல்கிற அந்தப் போட்டி நிற்கவில்லை, முன்னைவிட மும்முரமாக நடந்தது. வெளிச்சத்தால் ஒட்டியதைப் பெரிய வெளிச்சத்தால்தான் பெயர்க்க முடியும் என்று ஊரே நம்பியது. டவுனிலிருந்து ஜெனரேட்டரும் ஃபோகஸ் லைட்டும் வந்தன, நிழல்கள் மின்சாரத்தைச் சட்டையே செய்யவில்லை, தீயில் பிறந்தது தீயிடம்தான் பேசும் என்று அவற்றைத் திருப்பி அனுப்பினோம். மலையேறிக் கூடாரம் போடுகிற பையன்களின் குட்டி விளக்குகளும், சர்க்கஸ்காரர்களின் இரட்டை மேண்டில் விளக்கும், பட்டாளத்தில் இருந்து வந்தவர் பெட்டிக்குள் வைத்திருந்த பச்சை விளக்கும் ஒவ்வொரு அந்தியிலும் கல்லின் மேல் ஏறின. ஒவ்வொன்றையும் உத்தண்டன் ஜெயித்தான். ஜெயிக்கும்போதெல்லாம் நிழல்கள் சுவரில் ஒரு துள்ளு துள்ளி, முன்னைவிடக் கறுப்பாக உட்கார்ந்தன, கறுப்பு ஏற ஏற, ஒட்டியவர்களைக் கட்டியிருந்த கண்ணுக்குத் தெரியாத கயிறு குட்டையானது. மாடக்கண்ணுவால் இப்போது கடை வரைதான் போக முடிந்தது, கல்லாப்பெட்டி வரை போக முடியவில்லை. உகந்தாவால் தகரத்துக்கு வெளியே தலையை நீட்ட முடியவில்லை. அவள் கட்டிக் கொடுத்த மேண்டில்தான் அவளைக் கட்டியது, அது அவளுக்கும் தெரியும். கட்ட மாட்டேன் என்று சொன்னால் அதற்கும் அவனிடம் ஒரு ஜெயிப்பு இருக்கும் என்பதும் தெரியும்.

சித்திரை முடிவில் அக்கா வந்தாள். சுவரில் இருந்த பையைப் பார்த்தாள், தகரத்துக்குள் குந்தியிருந்த தங்கையைப் பார்த்தாள், உத்தண்டன் வாங்கிக் கொடுத்த டீயைத் தொடாமல் வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கிற வரைதான் கடைக்காரர் மிஷினை வைத்திருப்பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மேண்டில் கட்டும்போது உகந்தாவின் காது ரோட்டின் பக்கமே இருந்தது, சுருக்கமெல்லாம் ஒரு பக்கமாகவே சேர்ந்துவிட்டது, அவள் அதைத் திருத்தவில்லை.

அந்தியில் செங்கோடன் பித்தளை விளக்கை ஏற்றி வைத்திருந்தார், காளையை விட்டுவிட்டு ஊருக்குப் போக மனமில்லாமல் எங்களோடேயே இருந்தவர், ஜெயிப்போம் என்ற நினைப்பு போய் எத்தனையோ நாள் ஆகியும் வழக்கத்தை விடாமல் ஏற்றிக்கொண்டிருந்தார். உத்தண்டனின் விளக்கு எரிந்த வேகத்தில் ஒரு பக்கம் சொத்தையாக மங்கியது, செங்கோடனின் விளக்குக்கு அது சமமாக வந்து நின்றது, உலக்கையின் இரண்டு நிழலும் ஒரே சாம்பல் நிறமாயிற்று. அப்போது சுவரில் இருந்த நிழல்கள் எல்லாம் வெளுத்தன. யாரும் அதைக் கவனிக்குமுன் மயிலைக்காளை கவனித்துவிட்டது. அது தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து, சுவரை விட்டு இறங்கிய தன் நிழலைக் காலடியில் இழுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து ரோட்டைப் பார்க்கப் போயிற்று. ஏட்டு ஒரு காலைத் தூக்கினார். அதற்குள் தன் விளக்கு மங்கியது பொறுக்காமல் உத்தண்டன் வெறி பிடித்தவன் போலப் பம்ப் அடித்தான், வெளிச்சம் எகிறியது, மிச்சமிருந்த நிழல்கள் மறுபடி கறுத்து ஒட்டிக்கொண்டன. தூக்கிய காலை ஏட்டு மெல்லக் கீழே வைத்தார்.

தகரத்துக்குள்ளிருந்து உகந்தா பேசினாள். அவள் ஊரைப் பார்த்துப் பேசி நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

“ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு. ஒண்ணா இருந்தா விடுது.”

பெரிய வெளிச்சத்தைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பிய எங்களுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் உத்தண்டனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உன் விளக்கைக் கொஞ்சம் தணித்துச் செங்கோடன் விளக்குக்குச் சமமாக வைத்தால் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள் என்று நயமாகச் சொன்னோம். அவன் அழுதேவிட்டான். எனக்கு இருக்கிற காட்டை எழுதித் தருகிறேன், மொட்டை போட்டுக்கொள்கிறேன், வேறு என்ன கேட்டாலும் செய்கிறேன், விளக்கைத் தணிக்க மட்டும் சொல்லாதீர்கள் என்றான். பிறகு மனசு இளகினவன் போல வந்து இரண்டு தடவை முயன்றும் பார்த்தான், திருகைக் குறைத்துக்கொண்டே வருவான், நிழல்கள் வெளுக்கத் தொடங்குகிற நேரத்தில் அவன் கை தானாகப் பம்புக்குப் போய்விடும். அவன் வேண்டுமென்று செய்தானா, கை செய்ததா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து மேண்டிலை அவன் அவளிடம் கொண்டுவரவில்லை, மதுரையிலிருந்து கட்டியே வருகிறதாக வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் ஊரின் லட்சணம். நாட்கள் போகப்போக யாரும் அவனை வற்புறுத்தவில்லை. மாடக்கண்ணுவின் கடையில் வியாபாரம் கொழித்தது, ஏட்டுக்கு ரோந்து போகிற தொல்லை இல்லை, எங்கள் ஊரில் நிற்காமல் போய்க்கொண்டிருந்த பஸ்ஸெல்லாம் சுவரைப் பார்க்க வருகிறவர்களுக்காக நின்று போக ஆரம்பித்தது. ஒட்டியவர்கள் ஒட்டியபடியே இருக்கட்டுமே, அப்படி என்ன அவசரம் என்ற பேச்சு கிளம்பியது. அவசரம் ஒருத்திக்குத்தான் இருந்தது. வேளாவேளைக்குச் சோறு வருகிறது, விசிற ஆள் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டுமாம் இவளுக்கு என்று தண்ணீர் கொண்டுபோன பெண்களே அவள் காதுபடக் கேட்டார்கள். அவள் தகரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அந்த முகத்தைப் பார்த்தால் கிணற்றுக்குள் விழுந்த ஆட்டின் நினைப்பு வரும். பார்க்காமல் போகப் பழகிக்கொண்டோம்.

காளையைத் தேடிப் பிடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய செங்கோடன், போகிற வழியில் தகரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தன் பித்தளை விளக்கை உள்ளே தள்ளினார்.

“இத வெச்சுக்க அம்மிணி. ஆடுற மாட்ட ஆடித்தான் கறக்கோணும், பாடுற மாட்டப் பாடித்தான் கறக்கோணும். உன்ற ஊட்டுக்காரரு எதுக்கு ஆடுவாருன்னு எனக்குத் தெரியிலீங். உனக்குத் தெரியுமல்லோ.”

வைகாசி முழுக்க அவள் அந்த விளக்கோடுதான் இருந்தாள். குழாயைக் கழற்றி அடைப்பெடுத்தாள், கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்துக் காற்றைப் போல ஆக்கினாள், தண்ணீர்ப் பெண்களிடம் கேட்டு வாங்கிய மேண்டில்களைக் கட்டிக் கட்டி அவிழ்த்தாள். பொழுது போகாமல் செய்கிறாள் என்று உத்தண்டனும் சிரித்தான். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கையில், சோறு கொண்டுவந்தவனிடம் வாளியை வாங்காமல், தாவணிக் கொடி இன்னும் பறக்கிறது, அதனால் கேட்கிறேன், இன்று அந்திக்கு உங்கள் விளக்கோடு என் விளக்கைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கொடி பறக்கிற வரை கூப்பிட்ட விளக்குக்கு மாட்டேன் என்று சொன்ன ஆள் எங்கள் ஊரில் கிடையாது. உத்தண்டன் விழுந்து விழுந்து சிரித்தான். தனக்குச் சமமாக அவள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும், சமமாக ஒருவர் வர முடியும் என்பதைத்தான் அவனால் நம்ப முடியவில்லை.

கல் வரை விளக்கைக் கொண்டுபோக அவளுக்குக் கயிறு போதாது. அவள் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டாள். அவர் டீ ஆற்றிக்கொண்டே, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லையம்மா, புருஷன் பெண்டாட்டி நடுவில் நான் எதற்கு என்றார்.

“அண்ணாச்சி, காலையில ஒங்க வீட்டு வாசல்ல அண்ணி தண்ணி தெளிக்கிற சத்தம் இங்கன கேக்குதுல்லா?” என்றாள் உகந்தா.

மாடக்கண்ணு ஆற்றிய டீயை ஆற்றிக்கொண்டேயிருந்தார். அது நன்றாக ஆறிப்போன பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து விளக்கைத் தூக்கினார். கல்லின் மேல் வைத்து, ஸ்பிரிட் ஊற்றிக் குழாயைச் சூடாக்கி, அவள் சொல்லச் சொல்லத் திருகைத் திறந்தார்.

ஊரே கூடியிருந்தது. உத்தண்டன் எடுத்த எடுப்பிலேயே தன் விளக்கை உச்சத்துக்குக் கொண்டுபோனான், சுவர் பகலானது, நிழல்கள் கருந்துளை போலக் கறுத்து, தகரத்துக்குள் உகந்தா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள், மூச்சு விடவும் அவளுக்கு இடமில்லை. பித்தளை விளக்கு அதன் எதிரில் மின்மினியாகத்தான் இருந்தது. இதற்குத்தானா என்று கூட்டம் சிரித்தபோது அவன் கொஞ்சம் இரக்கப்பட்டவன் போல, வேண்டுமானால் சொல்லு, நான் ஒரு சுற்றுக் குறைத்துக்கொள்கிறேன் என்று சத்தமாகக் கேட்டான்.

“நீங்க கொறைக்க வேண்டாம்,” என்றாள் அவள். “நான் ஏறி வாரேன்.”

விளக்குக்குப் பின்னால் நின்ற அவனுக்குத் தன் வெளிச்சத்தில் கண் கூசியது, உலக்கையின் இரண்டு நிழலும் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. சுவரோடு அழுந்திக் கிடந்த அவளுக்கு அவை கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தன. அடிங்க அண்ணாச்சி என்பாள், மாடக்கண்ணு பம்ப் அடிப்பார், போதும் என்பாள், நிறுத்துவார், திருகை மயிரிழை திருப்புங்க என்பாள், திருப்புவார். பித்தளை விளக்கின் மேண்டில் மெல்ல உருண்டு வெளுத்தது, சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல் ஒரே சீராக வெளுத்தது, சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. உத்தண்டன் பம்ப் அடித்தான். அவன் விளக்கு ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது, மதுரையில் கட்டிய மேண்டில் அதற்கு மேல் வெளுக்க மறுத்து, அடிக்க அடிக்கத் தும்மி, ஓரத்தில் மஞ்சள் நாக்கு நீட்டியது. உலக்கையின் நிழல்களில் ஒன்று கறுப்பு, மற்றது சாம்பல். பிறகு ஒன்று கறுப்பு, மற்றது கொஞ்சம் கறுப்பு. அதற்குப் பிறகு எது எது என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

சுவரில் நிழல்கள் வெளுத்தன.

அந்த நேரத்தில் உத்தண்டனின் கை திருகின் மேல் இருந்தது, அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மேலே போக அவனுக்கு வழியில்லை. ஒரு சுற்று, அரைச் சுற்றுக் கீழே திருப்பினால் போதும், இரண்டு விளக்கும் ஏற்றத்தாழ்வாகி அவள் மறுபடி ஒட்டிக்கொள்வாள், வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து விசிறிக்கொண்டு ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அப்படித் திருப்பினால் இத்தனை பேர் பார்க்க, பெண்டாட்டியின் விளக்கு முன்னால் அவன் விளக்கு மங்கியது என்றாகும். அவன் அவளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அவள் மேல் அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை, இருந்தது, நிறையவே இருந்தது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. திருகின் மேல் இருந்த கை அங்கேயே இருந்தது. அது திரும்பவில்லை.

உகந்தா தகரத்துக்கு வெளியே வந்தாள். உடம்பை நிமிர்த்த அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பையை எடுத்துக்கொண்டாள், சுவரிலிருந்து அவளுடைய நிழல் இறங்கி, நெடுநாள் படுத்துக் கிடந்தது போலத் தள்ளாடி அவள் காலுக்குக் கீழே வந்து சேர்ந்தது. இரண்டு விளக்குக்கும் நடுவில் நடந்து, புருஷனுக்கு எதிரே வந்தபோது ஒரு கணம் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தோம். அவள் அவன் விளக்கின் மேண்டிலைத்தான் பார்த்தாள், இடது ஓரத்தில் சுருக்கம் விட்டிருந்த இடத்தை விரலால் காட்டிவிட்டு ரோட்டைப் பார்க்கப் போனாள்.

எடைமேடையிலிருந்து இறங்கிய ஏட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து உலக்கைக்கு முன்னால் குனிந்து பார்த்து, இரண்டும் சமம் என்று அறிவித்தார்.

“அப்ப செயிச்சது யாரு?” என்று கேட்டான் உத்தண்டன்.

ஏட்டு ஏற்கெனவே வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். மாடக்கண்ணு அடுப்பில் பால் பொங்குவதையும் பார்க்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தன் வாசலைப் பார்த்து ஓடினார். ஒட்டியிருந்த ஒவ்வொருவரும் போனார்கள், வேடிக்கை பார்க்க வந்த ஊரும் அவர்கள் பின்னால் போனது. பம்ப் அடிக்க ஆளில்லாத பித்தளை விளக்கு மெல்லக் காற்று இறங்கி மங்கத் தொடங்கியது, உலக்கையின் ஒரு நிழல் வெளிற மற்றொரு நிழல் கறுத்துக்கொண்டே வந்தது, உத்தண்டனின் விளக்கு போட்ட நிழல்தான் அது, சந்தேகமே இல்லை, மை போன்ற கறுப்பு. பார்த்தீங்களா, பார்த்தீங்களா என்று அவன் கூப்பிட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது. நாங்கள் ரோட்டில் நின்று, தூத்துக்குடி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.